வெளிச்சம் போடாதேங்கோ

அந்தக் கிழமை முழுக்க நான் வெங்காயத்தைத் தடவித்தான் எடுத்தேன்.

பாரிசில், ரூ பெர்தொனே என்கிற தெருவில் நான் வேலை செய்கிற சாப்பாட்டுக் கடைக்குக் கீழே ஒரு நிலவறை இருக்கிறது. காவ் என்று சொல்வோம். அரிசி மூட்டை, வெங்காயம், எண்ணெய்க் கலன், கால் உடைந்த கதிரைகள் எல்லாம் அங்கேதான். படி இறங்கியதும் வலது கைப்பக்கம் சுவிச். அதில் கை வைக்க வேண்டாம் என்று தேக் கேட்டிருந்தான்.

"வெளிச்சம் போடாதேங்கோ அக்கா. பத்து நாள் மட்டும்."

தேக் என்கிற தேக்பகதூர் நேபாளத்துக்காரன். எங்கள் குசினியில் கொத்துறொட்டி, ஆட்டுக்கறி, நண்டுக் குழம்பு எல்லாம் அவன் கைதான். சாப்பிட வருகிற சனம் யாழ்ப்பாணத்துக் கைப்பக்குவம் என்று புகழ்ந்துவிட்டுப் போகும். எத்தனையோ வருசமாக எங்களோடு நின்று, அடுப்படியிலேயே தமிழ் பழகியவன். நான் அவனுக்குப் பக்கத்தில் மரக்கறி வெட்டி, கோப்பை கழுவுகிறவள். பெயர் ஞானமலர். ஊர் மன்னார். வில்லியே லே பெல்லில் ஓர் அறையில் இருக்கிறேன். கதவைத் திறந்தால் யார் என்று கேட்க ஆள் இல்லை. அதனால் பகலில் நான் கொஞ்சம் கூடக் கதைப்பேன்.

அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் தேக் ஒரு மரப்பெட்டியை வைத்து, மண் நிரப்பி, பார்லி விதைத்திருந்தான். இங்கே சைவச் சனத்துக்கு நவராத்திரி தொடங்குகிற அன்றே நேபாளிகளுக்குத் தசைன் தொடங்குகிறது. அவர்களின் வருசத்தில் அதுதான் பெரிய திருநாள். அன்றைக்கு விதைத்து, வெளிச்சமே படாமல் வளர்த்தால் முளை மஞ்சளாக வரும். அதற்குப் பெயர் ஜமரா. விஜயதசமியன்று வீட்டு மூத்தவர்கள் தயிரும் அரிசியும் சிவப்புப் பொடியும் குழைத்து இளையவர்களின் நெற்றியில் டீக்கா வைத்து, இந்த முளையைக் காதில் செருகி ஆசீர்வதிப்பார்களாம்.

"பச்சையா வந்தா என்ன?" என்று கேட்டேன்.

"பச்சை எண்டா புல்லு அக்கா. மாடு தின்னும்."

அவன் இருக்கிற அறையில் ஆறு பேர். ஆள் மாறி ஆள் வேலைக்குப் போவதால் லைட் நூர்வதே இல்லை, இரவு பகலாக எரியும். அதனால்தான் எங்கள் காவ். விதைக்கும் முன்னமே ஒத்திகை பார்த்தான். கடையில் விற்கிற தீட்டிய பார்லியைக் கோப்பையில் போட்டு முளைக்க வைத்தான்; அது அழுகி நாறியது. பிறகு குதிரைத்தீனி விற்கிற இடம் ஒன்றைத் தேடிப் போய், உமியோடு வாங்கி வந்தான். ஒரு மனிதன் இவ்வளவு மினக்கெடுவானா என்று நான் சிரித்தேன். பிறகுதான் காரணத்தைச் சொன்னான்.

அவனுக்கு ஒரு மகள். பெயர் அஸ்மிதா. பத்தொன்பது வயது. போன இளவேனிலில்தான் பேப்பர் கிடைத்து பிரான்சுக்கு வந்து சேர்ந்தாள். இவன் அறையில் இடம் இல்லாததால், சேன்-தெனியில் இவனுடைய ஒன்றுவிட்ட தங்கச்சி வீட்டில் இருக்கிறாள். இவன் போன் எடுத்தால் ஓம், இல்லை என்பதோடு சரி. இரண்டு வருசத்துக்கு முன்னர் ஊரில் அவளுடைய தாய் செத்தபோது இவன் போகவில்லை. அகதி அட்டை வைத்திருக்கிறவன் விட்டு வந்த நாட்டுக்குள் எப்படிப் போவது. அது எங்களுக்கு விளங்கும். தாயைக் கொள்ளி வைக்கக் கொண்டுபோனபோது தனியாக நின்ற பிள்ளைக்கு விளங்குமா.

சாவு விழுந்த வீட்டில் ஒரு வருசத்துக்கு டீக்கா இல்லையாம். அது கழிந்த வருசமும், ஊரில் இருந்தபடி, போனில்கூட அவள் நெற்றியைக் காட்டவில்லை. இந்த வருசம் இவன் மெதுவாகக் கேட்டான். அவள் சொன்ன மறுமொழியை எனக்கு அப்படியே சொன்னான்.

"ஜமரா இருந்தா வாறன். சும்மா தயிரும் சிவப்பும் எண்டா போனிலை காட்டு எண்டாள்."

இதற்காகத்தான் நான் இருட்டில் இறங்கி, முழங்காலைக் கதிரைக் காலில் இடித்து, வெங்காயம் என்று நினைத்து இரண்டு தரம் கிழங்கைக் கொண்டு வந்தேன்.

முதலாளி இராஜதுரையிடம் தேக் முறையாகக் கேட்டுவிட்டுத்தான் பெட்டியை வைத்தான். அவர் கல்லாவில் இருந்தபடி சிரித்தார்.

"அது எங்கடை நவராத்திரி தானேடா. நாங்களும் முளை போடுறனாங்கள். வை, வை."

எனக்கு அப்போதே பற்றிக்கொண்டு வந்தது. அந்த மனுசனுக்கு வருசம் முழுக்க இந்த ஒரு வசனம்தான். தை மாதத்தில் தேக் மாகே சங்கராந்தி என்று நெய்யும் எள்ளுருண்டையும் அவித்த கிழங்கும் கொண்டு வந்தான். ஒரு பின்னேரம் லீவு கேட்டான். "அது எங்கடை பொங்கல் தான். பொங்கல் சாப்பிட்டனி தானே," என்றார். அதோடு லீவு முடிந்தது. போன வருசம் திஹார் என்கிற அவர்களின் விளக்குத் திருநாளில் நாய்க்கு மாலை போடுகிற நாள் ஒன்று வந்தது. பக்கத்து முடிவெட்டும் கடைக்காரனின் நாய்க்கு தேக் செவ்வந்தி மாலை போட்டு, நெற்றியில் பொட்டும் வைத்தான். அந்த நாயும் பெருமையாகத் தெருவில் நின்றது. இதற்காவது அந்த வசனம் வராது என்று பார்த்துக்கொண்டு நின்றேன். "வைரவருக்கு நாய்தானே வாகனம். இதும் எங்கடை தான்," என்றார்.

ஆவணிப் பௌர்ணமிக்கு அவர்களின் ஐயர் கையில் நூல் கட்டுவார். திஹார் வரும் வரைக்கும் கழற்றாமல் வைத்திருந்து, அன்றைக்கு மாட்டு வாலில் கட்டிவிட வேண்டுமாம். முதலாளியின் மனைவி ஜெகதீஸ்வரி, சுகாதாரப் பரிசோதனைக்கு ஆள் வருகிறதாம் என்று கேள்விப்பட்டு, கல்லாவில் கிடந்த கத்தரிக்கோலால் அதை வெட்டிவிட்டார்.

"எங்கடை காப்பு நூல்தானே தேக். நாங்களும் அறுக்கிறனாங்கள். சாமி கோவிக்காது. பாரிசிலை மாட்டுக்கு எங்கை போவாய்?"

தேக் அந்தத் துண்டு நூலைப் பொறுக்கிச் சட்டைப் பையில் வைத்தான். அவன் ஒன்றும் சொல்லாமல் இருப்பதுதான் எனக்கு இன்னும் கூட எரிச்சல்.

எனக்கும் இதேதான். ஆடி மாதத்தில் எங்கள் மன்னாரின் மடு மாதா கோயில் திருநாளுக்கு லீவு கேட்டேன். "மாதாவும் எங்கடை அம்மாள்தானே மலர். அம்மன் தேருக்குக் கடை பூட்டினது, நீர் நிண்டனீர் தானே வீட்டிலை," என்றார் ஜெகதீஸ்வரி. என்னைவிட நாலு வயது இளையவர். சம்பளம் தருகிறபடியால் நான் அவரை அக்கா என்று கூப்பிடுகிறேன்.

எல்லாம் தங்களுடையது என்று சொல்லிவிட்டால் பிறகு ஒருவருக்கும் ஒன்றும் கொடுக்கத் தேவையில்லை. அதுதான் கணக்கு.

ஒருநாள் தேக் என்னைக் காவுக்குக் கூட்டிக்கொண்டு போய், தன் போனைத் துணிக்குள் பொத்திப் பிடித்து, ஒரு நூல் வெளிச்சத்தில் பெட்டியைக் காட்டினான். நெருக்கமாக, ஒரு சாண் உயரத்தில், பூவரசம்பூ நிறத்தில் நின்றது. நான் தொடப் போனேன். கையைத் தட்டிவிட்டான். பிறகு, அக்காவைத் தட்டிவிட்டேனே என்று நினைத்தானோ என்னவோ, எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தான்.

திங்கட்கிழமை எனக்கு ஓய்வு. செவ்வாய் காலையில் கடைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது அந்தப் பெட்டி.

சாப்பிடுகிற மண்டபத்தில், தெருவைப் பார்த்த கண்ணாடியோடு, சரசுவதி பூசைக்குக் கும்பம் வைத்திருந்தார்கள். கும்பத்துக்கு முன்னால் பட்டுத்துணி விரித்து, அதன் மேல் தேக்கின் பெட்டி. சுற்றிக் குங்குமம், பூ. மேலே இரண்டு ஸ்பொட் லைட். ஜெகதீஸ்வரி சாம்பிராணி காட்டிக்கொண்டு நின்றார்.

"மலர், பாரும். நான் போட்ட நவதானியம் தண்ணி கூடி ஊசிப் போச்சு. என்ன செய்யிறது எண்டு இருக்க, இவர் சொன்னார் தேக்கும் கீழை முளை போட்டிருக்கிறான் எண்டு. போய்ப் பாத்தா, பாவம், இருட்டுக்குள்ளை கிடந்து மஞ்சள் காமாலை வந்த மாதிரி நிண்டுது. தூக்கிக்கொண்டு வந்து வெளிச்சத்திலை வைச்சன். ஒரு நாளிலை எப்பிடிப் பச்சை பிடிச்சிட்டுது பாத்தீரே?"

பச்சைதான். நுனியிலிருந்து பாதி வரைக்கும் நல்ல வயல் பச்சை.

நான் குசினிக்குள் ஓடினேன். தேக் கோழி வெட்டிக்கொண்டிருந்தான். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"கண்டனியே?"

"ஓம் அக்கா."

"சொன்னனியே அவவுக்கு?"

"மடாம் சந்தோசமா இருக்கிறா. நல்லா வளத்தனி எண்டு சொன்னா."

"நீ என்ன சொன்னனி?"

"மெர்சி எண்டு நன்றி சொன்னன்."

எனக்கு வந்த கோபத்துக்குக் கையில் இருந்த கரட்டை முறித்து வாளிக்குள் எறிந்தேன். இந்தப் பெட்டியை இப்போதே இருட்டில் வைத்தால் திரும்ப மஞ்சளாகுமா என்று கேட்டேன். தலையை ஆட்டினான். பச்சை பிடித்தது பிடித்ததுதான். வேறு நேபாளிகளிடம் கொஞ்சம் வாங்கேலாதா என்று கேட்டேன்.

"வாங்கலாம். ஆனா அது அவன்ரை வீட்டு ஜமரா. என்ரை மகளுக்கு நான் விதைச்சதுதான் வைக்கோணும். அவள் கேப்பாள், ஆர் விதைச்சது எண்டு. நான் பொய் சொல்லமாட்டன்."

அவன் சொல்லாததை நான் போய்ச் சொன்னேன். முதலாளியும் மனைவியும் கல்லாவில் நின்றார்கள். அது நவராத்திரிக்குப் போட்ட முளை இல்லை, மகளுக்கு வைத்தது, வெளிச்சம் படக்கூடாது என்று விளங்கப்படுத்தினேன்.

ஜெகதீஸ்வரி முகம் சுருங்கியது. "வெளிச்சம் படாமல் ஒரு பயிரோ? ஆரும் கேட்டால் சிரிப்பினம். மலர், நீர் மாதா கோயிலுக்குப் போற வேதக்காரி, உமக்கு இது விளங்காது. முளை எண்டா பச்சையாத்தான் வரவேணும். நான் அதைக் காப்பாத்தியல்லோ விட்டிருக்கிறன்."

"அவனுக்கு அது மஞ்சளா வேணும் அக்கா."

"சாமிக்கு வைச்சதை இனித் தூக்கேலாது," என்றார் முதலாளி, மனைவியைப் பார்த்துக்கொண்டு. "விஜயதசமியண்டு பூசை முடிய எடுத்துக் குடுக்கிறம். அண்டைக்குத்தானே அவனுக்கும் வேணும். ரெண்டும் ஒண்டுதான். ஏன் நீர் இதைப் பெரிசாக்கிறீர்?"

பின்னேரம் முழுக்க நான் கோப்பைகளைச் சத்தம் கேட்கக் கழுவினேன். தேக் ஒரு தரம் திரும்பி, "உடைஞ்சா உங்கடை சம்பளத்திலை அக்கா," என்றான். பகிடி விட அவனுக்கு எப்படித்தான் மனம் வந்தது என்று தெரியவில்லை. பெட்டி போன பிறகும் காவுக்கு இறங்கும்போது எனக்குச் சுவிச்சில் கை போகவில்லை. கோபம்தான். இருட்டிலேயே மூட்டைக்குள் கை விட்டு மேலே கிடந்ததை எடுத்து வந்தேன்.

விஜயதசமியன்று பகல் சாப்பாடு முடிந்து, இரவு வேலை தொடங்கும் முன்னர் எங்களுக்குக் கிடைக்கிற இடைவெளியில் அஸ்மிதா வந்தாள். சிவப்புக் குர்த்தாவுக்கு மேலே கறுப்பு ஜக்கெட். தோளில் பை. கழற்றாமலே கதிரை நுனியில் இருந்தாள். முன்னம் போனில் பார்த்த முகம்தான். நேரில் தேக்கின் தாடை அப்படியே இருந்தது.

ஜெகதீஸ்வரி பூசை முடித்துக் கடலையும் அவலும் பகிர்ந்துகொண்டிருந்தார். அவளுக்கும் ஒரு தட்டு வைத்தார். "சாப்பிடும் பிள்ளை. உங்கடையும் எங்கடையும் ஒண்டுதான்," என்றார் தமிழில். அவளுக்கு விளங்கவில்லை. தொடவும் இல்லை.

தேக் முகம் கழுவி, சமையல் சட்டைக்கு மேலே பூப்போட்ட அவர்கள் ஊர்த் தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்தான். கையில் தட்டு. அதில் சிவப்பாகக் குழைத்த அரிசி, ஒரு நாணயம். கும்பத்தடியில் போய், பெட்டியிலிருந்து ஒரு பிடி முளையை வேரோடு பிடுங்கி, மண்ணைத் தட்டி, அவளுக்கு முன்னால் கொண்டுவந்தான்.

அவள் விரலால் ஒரு நுனியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு எங்கள் எல்லாருக்கும் கேட்கட்டும் என்றுதான் பிரெஞ்சில் சொன்னாள்.

"இது பச்சை."

தேக் நேபாளியில் ஏதோ இரண்டு சொல் சொன்னான். வெளிச்சம் பக்கம் கையைக் காட்டினான். அவள் பையைத் தோளில் சரிசெய்தாள். எழும்பப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

என் பிரெஞ்சு சந்தைக்குப் போகிற பிரெஞ்சு. அதை வைத்துக்கொண்டு நடுவில் போய் நின்றேன். உன் அப்பா விதைத்தது மஞ்சள், நான் கண்ணால் கண்டேன், உன் அப்பா இருட்டில் வைத்தார், இவர்கள் தூக்கி விளக்கில் வைத்தார்கள் என்று சொன்னேன். அவள் என்னை நம்பாத மாதிரிப் பார்த்தாள். எனக்கு வேறு சாட்சி இல்லை. காற்சட்டையை முழங்காலுக்கு மேலே சுருட்டி, இருட்டில் கதிரையில் இடித்த கண்டல் காயத்தைக் காட்டினேன். நீலமும் மஞ்சளுமாக வீங்கிப்போய் இருந்தது.

"இதைப் பார். ஒரு கிழமை லைட் போடாமல் வெங்காயம் எடுத்தேன். உன்னுடைய இந்தப் புல்லுக்காக."

ஜெகதீஸ்வரி காலம் முழுக்கக் கல்லாவில் நின்றவர். அவருக்கு என் பிரெஞ்சு நன்றாக விளங்கும். அவல் கரண்டி கையில் அப்படியே நின்றது. முதலாளி தெருவைப் பார்த்தார்.

அஸ்மிதா என் முழங்காலைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. ஆனால் பையை இறக்கிக் கதிரையில் கொளுவினாள். தகப்பன் கையிலிருந்த முளையை வாங்கி, வேர்ப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். முளை நெருங்கி வளர்ந்திருந்ததால் அடிப்பக்கத்துக்கு விளக்கு எட்டவில்லை. அது இன்னும் மஞ்சள்தான். கல்லாவுக்குப் போனாள். அங்கே கிடந்த கத்தரிக்கோலை, யாரையும் கேட்காமல், எடுத்தாள். தேக்கின் நூலை அறுத்த அதே கத்தரிக்கோல். பச்சையை எல்லாம் வெட்டிப் பூசைத் தட்டுக்குப் பக்கத்தில் போட்டுவிட்டு, மஞ்சள் அடியை மட்டும் கொண்டுவந்து தகப்பன் கையில் கொடுத்தாள். ஒரு விரல் நீளம்கூட இல்லை.

பிறகு தலையைக் குனிந்துகொடுத்தாள்.

தேக் வாய்க்குள் ஏதோ ஓதியபடி அவள் நெற்றியில் சிவப்பு அரிசியை அப்பினான். பாதி அரிசி மூக்கில் விழுந்தது. காதில் செருகிய முளை நிற்காமல் விழுந்தது. திரும்பச் செருகினான், திரும்ப விழுந்தது. அவள் பொறுமை கெட்டுத் தன் தலைமயிர் ஊசியைக் கழற்றி, முளையைத் தானே மயிரோடு குத்திக்கொண்டாள். நாணயத்தைக் கையில் வைத்தான். அதற்குப் பிறகு அவன் செய்ததை நாங்கள் ஒருவரும் எதிர்பார்க்கவில்லை. முழங்காலில் நின்று, தொப்பியோடு தலையைக் குனிந்து, நெற்றியை மகளின் காலில் வைத்தான். அவள் கால் சப்பாத்தோடுதான் இருந்தது.

கரண்டி தட்டில் விழுந்தது.

"தேக், எழும்பு," என்றார் ஜெகதீஸ்வரி. "என்ன செய்யிறாய்? அப்பன் பிள்ளையின்ரை காலிலை விழுறதே? பாவமல்லோ. இது எங்கடையிலை இல்லை."

தேக் தலையைத் தூக்காமலே சொன்னான்.

"ஓம் மடாம். இது எங்கடை."

முதலாளி இருமினார். அவர்களிடத்தில் பெண்பிள்ளையைத் தகப்பன் கும்பிட வேண்டும், பிள்ளை தகப்பனைக் கும்பிடக் கூடாது என்று பிறகு தேக்கிடம் கேட்டுத்தான் அறிந்தேன். அவளுடைய தாத்தா வருசா வருசம் அவளுக்கு அப்படித்தான் செய்தவராம். வேலை செய்கிற இடத்தில், முதலாளிக்கு முன்னால் இவன் செய்வானா என்பதுதான் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்ததோ என்னவோ. அவள் காலை இழுக்கவில்லை. எழும்பும்போது மட்டும் அவன் முழங்கையில் பிடித்தாள்.

அவலில் ஒரு வாய் சாப்பிட்டாள். கதவடியில் நின்று தகப்பனிடம் நேபாளியில் நாலைந்து சொல் சொல்லிவிட்டு, எனக்கு மட்டும் "ஓ ர்வார்" என்று விடை சொல்லிப் போனாள். காதுக்குப் பின்னால் ஊசி மினுங்கியது; முளை தெரியவே இல்லை.

"என்னடா சொன்னவள்?" என்றேன்.

"அடுத்த வருசம் இஞ்சை வைக்க வேண்டாமாம். அத்தை வீட்டு அலுமாரிக்குள்ளை வைக்கட்டாம். அவள் பாத்துக்கொள்ளுவாளாம்."

அதைச் சொல்லும்போது அவனுக்கு வாய் கோணியது. நான் வேறு பக்கம் பார்த்தேன்.

இதோடு முடிந்தது என்று நினைத்தால், ஜெகதீஸ்வரி குசினி வாசலில் வந்து நின்றார். கோபிக்க வருகிறார் என்று நினைத்தேன்.

"தேக், அடுத்த வருசம் எங்களுக்கும் சேர்த்து ஒரு பெட்டி போடு என்ன? உன்ரை கைக்கு நல்லா முளைக்குது."

நான் வாயைத் திறக்க முன்னம் தேக் முந்திவிட்டான்.

"இல்லை மடாம்."

இத்தனை வருசத்தில் அவன் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டதில்லை. அவரும் கேட்டதில்லை போலும்.

"உங்களுக்குப் பச்சை தானே," என்றான் தேக், மரியாதையாகத்தான். "ஜன்னல்லை போடுங்கோ. குதிரைத்தீனிக் கடை நான் காட்டுறன்."

அவர் போய்க் கும்பத்துக்கு மேலே இருந்த லைட்டை நூர்த்தார். இனி நூர்த்து என்ன. மகளின் சப்பாத்தில் சிந்திக் கிடந்து நெற்றியில் ஒட்டிக்கொண்ட சிவப்பு அரிசியோடு தேக் அடுப்பை மூட்டினான். இரவுச் சனம் வரத் தொடங்கியது. கொத்துக்கு வெங்காயம் கேட்டான்.

நான் காவுக்கு இறங்கி, பெட்டி வைத்த நாளுக்குப் பிறகு முதல் தரமாகச் சுவிச்சைப் போட்டேன். மூட்டைக்குள் பாதி வெங்காயம் முளைத்துப் போயிருந்தது. இவ்வளவு நாளும் மேலே கிடந்ததைத் தடவி எடுத்ததில் அடியில் நடந்தது எனக்குத் தெரியவில்லை. இருட்டில் கிடந்த முளை, நுனியிலிருந்து அடி வரைக்கும், ஒரு பொட்டுப் பச்சை இல்லாமல் மஞ்சள்.

முதலாளி கண்டால் ஏச்சு எனக்குத்தான். லைட்டை நூர்த்துவிட்டு, நல்லதாக நாலைத் தடவி எடுத்துக்கொண்டு மேலே ஏறினேன்.